கை படாமல் ஐந்து தடவை

அந்த நோட்டை நான் பெருமையோடுதான் டாக்டரிடம் நீட்டினேன். மூன்று வருடமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், காலை ஏழு மணிக்கு அப்பாவின் எடை. முதல் பக்கத்தில் எண்பத்து நாலு கிலோ. கடைசிப் பக்கத்தில் அறுபத்தொரு கிலோ இருநூறு கிராம். எந்த ஆஸ்பத்திரியிலும் இவ்வளவு சுத்தமான பதிவு இருக்காது என்று எனக்குள் ஒரு திமிர்கூட இருந்தது.

நான் தராசு பழுது பார்ப்பவன். கடைத் தராசு, கிடங்குத் தராசு, நகைக்கடைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பொடித் தராசு, எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும். அப்பாவுக்கு மார்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பியபோது, "எடையைக் குறைக்கணும்" என்றார்கள். அவ்வளவுதான், பட்டறையிலிருந்து மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றைத் தூக்கி வந்து கூடத்தில் போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் முதலில் இருபது கிலோ எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பேன். பிறகுதான் அப்பாவை ஏறச் சொல்வேன். அரைக் கிலோ குறைந்தால் அம்மாவுக்கு முகமெல்லாம் பல். முழுக் கிலோ குறைந்த வாரம் நான் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போடுவேன்.

டாக்டரம்மா சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இந்த இருபத்து மூணு கிலோவில கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு?" என்று கேட்டார்.

"எடை எடைதானே டாக்டர்" என்றேன். என் தொழிலில் அது முட்டாள்தனமான பதில் இல்லை. சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று எந்தத் தராசும் கேட்பதில்லை.

அவர் எழுந்து வந்து, அப்பாவின் தொடையை நாலு விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "ஐயா என்ன வேலை பாத்தாங்க?" என்றார்.

"வீடு மாத்துற வேலைம்மா. பீரோ, கட்டில், பிரிட்ஜ் எல்லாம் தூக்குவார். கிரேன்னுதான் கூப்பிடுவாங்க. கல்யாணப் பத்திரிகையில பேரைப் பாத்துட்டு, யாரு இதுன்னு கேட்டவங்க உண்டு."

அப்பா சிரித்தார். அவரைப் பற்றிய கதைகளில் ஒன்றை அம்மா அங்கேயே அவிழ்த்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். லிப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் நாலாவது மாடிக்கு ஒரு பிரிட்ஜை முதுகில் சுமந்து ஏறினார். மேலே போய்த் திறந்தால் உள்ளே ஆறு முட்டை. வீட்டுக்காரம்மா எடுக்க மறந்துவிட்டார். ஒன்றுகூட உடையவில்லை. அம்மா சொல்லி முடித்ததும் டாக்டரம்மா கைப்பலத்தை அளக்கும் முள் வைத்த பிடி ஒன்றை அப்பாவின் கையில் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார்.

முள் பதினைந்தில் நின்றது.

கருவியில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். கை சும்மா இருக்குமா, வாங்கி நானே அழுத்திப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முள்ளில் ஆட்டமில்லை, பூஜ்யம் சரியாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு கருவி சரியாக இருந்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

பிறகு கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரச் சொன்னார். முதல் தடவை எழுந்தார். இரண்டாவது தடவை பாதியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "சாப்பிடாம வந்துட்டேன் டாக்டரம்மா" என்றார் அப்பா. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

டாக்டரம்மா விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொன்னார். அப்பாவின் இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வு சுருங்கிவிட்டது. மாடிப்படியில் மூச்சு வாங்குவதும், போன வாரம் குளியலறையில் அவருக்குத் தலை சுற்றியதும் அதனால்தான். அதை மாற்ற இப்போது மார்பைத் திறக்க வேண்டியதில்லை, தொடை வழியாகக் குழாய் விட்டே மாற்றலாம். ஆனால் உடம்பு அதைத் தாங்க வேண்டும்.

"ரத்தப் பரிசோதனை பரவாயில்லை. ஞாபகம் நல்லா இருக்கு. இடிக்கிறது இது ஒண்ணுதான்" என்று தொடையைக் காட்டினார். "கை படாம அஞ்சு தடவை எழுந்து உக்காரணும். பதினஞ்சு விநாடிக்குள்ள முடிச்சா ரொம்ப நல்லது. கொஞ்சம் கூடுதலா ஆனாலும் அஞ்சு வேணும். அதுகூட இல்லாம வால்வை மாத்தினா, வால்வு வேலை செய்யும், இவர் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். எங்க குழு ஒத்துக்காது."

"அப்போ தசையை ஏத்திடுவோம் டாக்டர். ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"வேகமா ஏத்த முடியாதே. வால்வு இப்படி இருக்கையில கடுமையான பயிற்சி குடுத்தா மயங்கி விழுவார். அதைவிட மோசமாவும் ஆகலாம்." பேனாவை மூடினார். "வயசாக ஆகத் தசை தானாவே குறையும். படுத்துட்டா இன்னும் வேகமா குறையும். தசை மூட்டை தூக்க மட்டும் இல்லை. ரத்தத்தில இருக்கிற சர்க்கரையில பெரும்பகுதியை அதுதான் வாங்கிக்குது. அது போனா இதயத்துக்குச் சுமை. இதயம் களைச்சா தசை இன்னும் போகும். இது அதைத் தேய்க்கும், அது இதைத் தேய்க்கும்."

எனக்குப் புரிந்தது. தசை வராமல் வால்வை மாற்ற முடியாது. வால்வை மாற்றாமல் தசை வராது. எந்தப் பக்கம் திருகினாலும் கழலாத திருகாணியாக இருந்தது அது.

பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டார். கொடுத்தேன். அதில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "கனமான பொருள் தூக்க வேண்டாம், ஆறு வாரம்னு போட்டிருக்கே. அப்புறம் என்ன பண்ணீங்க?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆறு வாரத்தை நாங்கள் மூன்று வருடமாக்கியிருந்தோம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஏழாவது வாரம் அப்பா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கப் போனார், நான் பிடுங்கிக்கொண்டேன். எட்டாவது வாரமும் பிடுங்கினேன். பிறகு அவர் தூக்கப் போகவே இல்லை. அவர் உட்காரும் சோபாவுக்கு மேலே இரண்டு மெத்தை போட்டு உயர்த்தினேன், எழச் சிரமப்படக் கூடாதே என்று. குளியலறைச் சுவரில் கம்பி பதித்தேன். அவர் எழப் பார்த்தாலே யாராவது ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுவோம். முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் இதயத்துக்கு ஆகாது என்று நானே நிறுத்தினேன். அதை எந்த டாக்டரும் சொல்லவில்லை, எங்கோ யாரோ சொன்னதைக் கேட்டு நானாகச் சட்டம் போட்டது. கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் அம்மா அவருக்கு வேட்டியை மடித்துக் கட்டிவிடும்போது, "என்னடா இது, தொடையெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். "கொழுப்பு கரையுதும்மா" என்றேன். அந்த வாரமும் நோட்டில் சிவப்பு வட்டம்.

"யார் தப்புன்னு விசாரிக்க நான் உக்காரலை" என்றார் டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "ஆறு வாரம் எடுத்துக்கங்க. பிசியோ வீட்டுக்கு வருவாங்க. மெதுவா பண்ணுங்க. மூச்சு வாங்கினா உடனே நிறுத்துங்க. முட்டை குடுங்க, மீன் குடுங்க, பருப்பு குடுங்க. கை மட்டும் குடுக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "மூணு வருஷமா அந்த மனுஷன் கண்ணுல முட்டையைக் காட்டலையேடா நீ. தினம் உன் நோட்டைக் காட்டியே வயித்தை நிரப்பின."

சோபாவின் மேலிருந்த மெத்தைகளை எடுத்து உள்ளே போட்டேன். மேடைத் தராசைப் பட்டறைக்கே திருப்பி எடுத்துப் போனேன். சாப்பாட்டு மேஜையிலிருந்து கைப்பிடியில்லாத ஒரு நாற்காலியை எடுத்துச் சுவரில் முட்டக் கொடுத்துப் போட்டோம். காலையிலும் சாயங்காலமும் அதில் கை படாமல் எழுந்து உட்காருவதுதான் அப்பாவின் வேலை.

பிசியோ என்று நாங்கள் சொன்னது ஐம்பது வயதுப் பெண்மணி. வெள்ளை ஷூ போட்டு, வாரம் இரண்டு நாள் வருவார். குரலை உயர்த்த மாட்டார், சலுகையும் தர மாட்டார். "பாதத்தைப் பின்னால இழுங்க. மூக்கு முட்டிக்கு மேல வரட்டும். இப்ப எழுந்திருங்க" என்பார். எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்பார். கேட்க எளிதாக இருந்தது. அப்பா முட்டி நடுங்க எழும்போது என் கைகள் தாமாக முன்னால் போகும். ஒரு தடவை பிசியோ என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். சின்னப் பிள்ளையிடமிருந்து கத்தியை வாங்குகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

முதல் வாரம் இரண்டு. இரண்டாவது வாரமும் இரண்டு. "ஒரு பீரோவைத் தூக்கிடலாம்போல இருக்கு, என்னைத் தூக்கத்தான் முடியலை" என்றார் அப்பா. மூன்றாவது வாரம் மூன்று வந்தது. நான் பட்டறையில் வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொன்னேன். பையன் முதல் மார்க் வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னேன், அவர்களும் என்ன ஏது என்று தெரியாமலே சந்தோஷப்பட்டார்கள்.

நாலாவது வாரம் அப்பாவுக்குச் சளி பிடித்தது. வெறும் சளி, லேசான காய்ச்சல், நாலே நாள் படுக்கை. எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மறுபடியும் இரண்டு. மூன்று வாரமாக முட்டி மோதிச் சேர்த்தது நாலு நாளில் போய்விட்டது. பிசியோவிடம் ஏதாவது மருந்து, ஊசி, பவுடர் இருக்கிறதா என்று கேட்டேன். "இருந்தா எனக்கு வேலை இருக்காது சார்" என்றார். யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

என் தொழிலில் ஒரு பொருள் சரியில்லை என்றால் திறப்பேன், பார்ப்பேன், துடைப்பேன், மாற்றுவேன். மிஞ்சிப் போனால் இது தேறாது என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். இங்கே திறக்கவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. நாற்காலிக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். அவ்வளவுதான் என்னால் ஆனது. அந்த அவ்வளவையும் ஒழுங்காகச் செய்ய எனக்குத் தெரியவில்லை.

ஆறாவது வாரத்தில் ஒரு மத்தியானம் அம்மா பட்டறைக்குப் போன் செய்தாள். "அஞ்சு பண்ணிட்டார்டா" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினேன். அப்பா நாற்காலியில் வேர்த்து உட்கார்ந்திருந்தார், ராஜா மாதிரி. "இன்னொரு தடவை பண்ணுங்கப்பா, பாக்கறேன்" என்றேன்.

"இப்பத்தானேடா பண்ணேன். கொஞ்சம் விடு."

"கை படாமயா?"

"கை படாமதான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நீ பின்னால லேசா முட்டுக் குடுத்திருப்ப. உனக்கே தெரிஞ்சிருக்காது" என்றேன்.

அம்மா அடுக்களைக்குள் போனாள். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"தராசுக்காரனுக்கு அவன் கண்ணால பாத்தாதான் நம்பிக்கை" என்றார். "பரவாயில்லை. வெள்ளிக்கிழமை அங்கேயே பாத்துக்க."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. சுவரோரம் ஒரு நாற்காலி, தரையில் ஒரு மஞ்சள் கோடு, மூலையில் ஒரு மேஜை. பிசியோவேதான் அங்கேயும் இருந்தார், கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கியது. டாக்டரம்மா மேஜையருகே தாளோடு நின்றார். எங்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்பா காலையில் முகச் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, "சொல்லும்மா" என்றார்.

ஒன்று. எழுந்த வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். இரண்டு. உட்காரும்போது பொத்தென்று விழவில்லை, நிதானமாக இறங்கினார். மூன்று. மூச்சு கேட்டது. நாலு. நாலாவதில் முட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று தேடின, ஆனால் நிமிர்ந்தார், முழுதாக நிமிர்ந்தார், உட்கார்ந்தார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது எப்போது வெளியே கேட்க ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அம்மா என் கையைக் கிள்ளினாள்.

ஐந்தாவதற்கு மூக்கு முட்டிக்கு மேலே வந்தது. நாற்காலியை விட்டு ஒரு சாண் எழுந்தார். அங்கே நின்றுவிட்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, இரண்டு தொடைகளும் வேட்டிக்குள் வெடவெடவென்று ஆடின. தலை முன்னால் சாய்ந்தது. அவர் பார்வை தரையிலிருந்து எழுந்து என் மேல் வந்தது.

கோட்டை எப்போது தாண்டினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் ஒரு நாளைக்கு இருபது தடவை செய்த வேலை, என்னைக் கேட்காமலே என் கை செய்துவிட்டது. அவர் அக்குளில் என் கை இருந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"சார், தொடாதீங்க" என்ற குரல் பிறகுதான் காதில் விழுந்தது.

அப்போதுதான் பார்த்தேன், பிசியோவின் ஒரு கை அப்பாவின் இடுப்புக்குப் பின்னால், தொடாமல், நாலு விரற்கடை தூரத்தில் தயாராக நின்றிருந்தது.

"விழ விட்டிருக்க மாட்டேன் சார்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "அதுக்குத்தானே நான் நிக்கிறேன்."

"எழுந்துட்டிருந்தேனேடா" என்றார் அப்பா, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார்கள். அப்பா தண்ணீர் குடித்தார். நான் கோட்டைத் தாண்டி, கதவையும் தாண்டி, வெளியே போய் நின்றுகொண்டேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கவும் துணிச்சல் இல்லை. பிசியோவின் குரல் ஒன்று என்றது. இரண்டு என்றது. அதற்குப் பிறகு வரவில்லை.

டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்தார். தாளில் என்ன எழுதினார் என்று காட்டினார், மறைக்கவில்லை. நாலு, ஐந்தாவது உதவியோடு.

"நான் பிடிக்கலைன்னா எழுந்திருப்பாரா டாக்டர்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதே."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"தோணுறதை எழுத முடியாது" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "குழுவில எடுத்துச் சொல்றேன். ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்னுதான் சொல்வாங்க. ஆனா அந்த ஒரு மாசத்தில அந்த வால்வு என்ன பண்ணும்னு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது. ராத்திரி மூச்சு முட்டினா, கால் வீங்கினா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அன்றைக்கு அவளை நம்பாமல் பேசியதற்கு அவள் எனக்கு ஒன்று திருப்பிக் கொடுத்திருக்கலாம், வாய்ப்பு கையில் இருந்தது. என் சட்டையில் ஒட்டியிருந்த நூலை மட்டும் எடுத்துப் போட்டாள்.

டாக்சியில் அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். வழி முழுக்க டிரைவரோடு பேசிக்கொண்டு வந்தார். வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், இந்தச் சீட்டு ஏன் இவ்வளவு பள்ளமாக இருக்கிறது, முன்பெல்லாம் வண்டிகள் எவ்வளவு உயரம், இதெல்லாம் பேச்சு. அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு சாண் உயரமே கண்ணுக்குள் நின்றது. இன்னும் ஒரு விநாடி பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். எழுந்திருப்பார், அல்லது உட்கார்ந்திருப்பார், எதுவாக இருந்தாலும் அது அவருடையதாக இருந்திருக்கும். இனி எத்தனை மாதம் ஆனாலும் அது எனக்குத் தெரியப்போவதில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அம்மா இறங்கிக் கதவைத் திறக்கப் போனாள். நான் சுற்றி வந்து முன்கதவைத் திறந்துவிட்டு, இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா ஒரு காலைத் தரையில் வைத்தார். அடுத்த காலையும் வைத்தார். பள்ளமான அந்தச் சீட்டிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி பார்த்தார். நான் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"புடிடா" என்றார். "இப்ப யாரும் எண்ணலை."